விக்டோரியா டேக்கு முன்னம் நடாதேங்கோ

மே மாதம் முதல் கிழமையில் ரொறன்ரோவில் ஒரு நாள் வரும். 24 டிகிரி வெயில், பக்கத்து வீட்டில் பார்பிக்யூ மணம், பிள்ளைகள் ஜாக்கெட் இல்லாமல் சைக்கிளில். எங்கட தமிழ்க் கடை வாசலில் கத்தரிக் கன்றும் மிளகாய்க் கன்றும் தட்டுத் தட்டாக வந்து இறங்கும். அந்த நாளை நம்பாதேங்கோ. போன வருசம் நான் நம்பினேன்.

என்ர அப்பா புடலங்காய்க்காரர். ஸ்காபரோவில் வாடகை வீட்டில் இருந்த காலத்திலிருந்தே ஒவ்வொரு வருசமும் ஒரு காயைப் பறிக்காமல் முற்றிப் பழுக்க விட்டு, விதையை எடுத்து, பேப்பரில் பரவிக் காயவைத்து, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு வைப்பார். 22 வருசமாக அதே விதை. போன வருசம் மாசியில் அவருக்கு முழங்கால் ஒப்பரேஷன். போத்தலை என்னட்டைத் தந்து, "இந்த முறை நீ பார்" என்றார். உள்ளே 14 விதை.

14ஐயும் போட்டேன். 11 முளைத்தது. மே 8ஆம் தேதி, அந்த வெயிலைப் பார்த்து, எல்லாவற்றையும் கொண்டுபோய் நிலத்தில் நட்டேன். ஃபோனில் இரவு 3 டிகிரி என்று காட்டியது. பூச்சியத்துக்கு மேலேதானே, உறையாது என்று நினைத்துப் படுத்துவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் இலையெல்லாம் கறுத்து, அவித்த கீரை மாதிரி மண்ணில் ஒட்டிக் கிடந்தது.

ஏன் என்று பிறகுதான் படித்தேன். ஃபோன் காட்டுகிற வெப்பநிலை நிலத்திலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் அளப்பது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். மேலே 3 டிகிரி இருக்கும்போதே கீழே இலையில் உறைபனி பிடித்துவிடும். வானம் தெளிவாக இருந்து நட்சத்திரம் தெரிகிற மே இரவு என்றால் பழைய பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போங்கோ.

அப்பா வோக்கரைப் பிடித்துக்கொண்டு பின்கதவடிக்கு வந்து பார்த்தார். "சரி, பரவாயில்லை" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கோடை முழுக்க அவர் பின்வளவுக்கு வரவே இல்லை. என்ர மகளுக்கு ஏழு வயது. அவளும் அப்பப்பாவும் கதைப்பதே அந்தப் பந்தலுக்குக் கீழேதான். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி அங்கே பொறுக்கினது. போன வருசம் இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் இருந்தார்கள்.

வேலையில் நான் பக்அப் எடுக்காமல் ஒரு டேட்டாபேஸையும் தொடமாட்டேன். 22 வருச விதையை ஒரே நாளில் மண்ணில் போட்டதும் நான்தான்.

மார்கழியில் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அப்பா கோயிலில் காண்கிற ஆட்களுக்கெல்லாம் விதை கொடுக்கிறவர். மார்க்கத்தில் இருக்கிற ஒரு மாமியிடம் போனேன். ஒரு என்வலப்புக்குள் ஒன்பது விதை தந்தா. "உங்கட அப்பா தந்ததுதான் தம்பி. எனக்கு இப்ப குனிய ஏலாது." நான் அதில் ஐந்தை மட்டும் போட்டேன். நாலு போத்தலில் இருக்கிறது.

இந்த வருசம் அவசரப்படவில்லை. விதையின் ஓடு தடிப்பம், அதனால் ஓரத்தை நகவெட்டியால் சின்னதாகக் கடித்து, ஒரு இரவு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, சித்திரைக் கடைசியில் பேப்பர் கப்பில் ஊன்றினேன். புடலை, பாகல், சுரை எல்லாவற்றுக்கும் வேரைக் கலைத்தால் பிடிக்காது. நடும்போது கப்பைக் கிழித்து மண்ணோடு இறக்கவேண்டும். தக்காளி இதற்கு நேர்மாறு. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதியைப் புதையுங்கோ, புதைத்த இடமெல்லாம் வேர் விடும்.

வீட்டுக்குள் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் வைத்தால் இலை வெள்ளை வெள்ளையாக வெந்துபோகும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு, இப்படி ஏழு முதல் பத்து நாள் பழக்கவேண்டும். கறிவேப்பிலைச் சாடிக்கும் இதே கதைதான். குளிர்காலம் முழுக்க ஜன்னலடியில் இருந்தது என்றால் வெளியே வைக்கமுதல் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கோ, சிலந்திப்பேன் இருந்தால் ஷவரில் பிடித்துக் கழுவுங்கோ.

எப்போது நடுவது? கலண்டர் ஒரு மட்டுமட்டான கணக்குத்தான். இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நின்றால் தக்காளி. கத்தரி, மிளகாய், புடலைக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். எங்கட பக்கம் களிமண், மெல்லத்தான் சூடாகும். பயற்றங்காய்க்குக் கன்று தேவையில்லை, ஜூன் முதல் கிழமையில் நேரே ஊன்றுங்கோ. பிந்தி நட்டது முந்தி நட்டதை எட்டிப் பிடித்துவிடும். குளிரில் நின்று விறைத்த கன்று மாதக்கணக்கில் சும்மா நிற்கும். (மெல்பேர்ன், சிட்னிக்காரர் இதை ஐப்பசி மட்டும் எடுத்து வைத்திருங்கோ.)

இன்னொன்று, ஏனென்றால் கனபேர் கேட்கிறீர்கள்: "பூக்குது, காய்க்கேல்லை." யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகல்கூடப் பன்னிரண்டே முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டாது. ரொறன்ரோவில் ஜூன் 21 அளவில் பதினைந்தரை. பகல் நீண்டால் இந்தக் கொடிகள் ஆண் பூவைத்தான் கூட விடும். பெண் பூ பிந்தித்தான் வரும், அடியில் குட்டிக் காயோடு. அதோடு புடலம்பூ விரிவது பின்னேரம் பட்டபிறகு. தேனீ அந்நேரம் போய்விடும். அப்பா ஆடி மாதத்தில் ஒன்பதரைக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு, ஆண் பூவைப் பிடுங்கிப் பெண் பூவில் தடவுவார். டோர்ச் பிடிக்கிறது மகளின் வேலை. அதற்காக நித்திரை நேரத்தைத் தள்ளிவைப்போம்.

ஐந்தில் நாலு முளைத்திருக்கிறது. இப்போது டெக்கில் நிழலில் நிற்கின்றன, இன்றைக்கு ஆறாம் நாள். அப்பா முந்தநாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, பந்தல் கம்பி துருப்பிடித்துவிட்டது என்று குறை சொன்னார். ஒவ்வொரு இரவும் மகள் என்ர ஃபோனைப் பார்த்து அவருக்கு வெப்பநிலை வாசிக்கவேண்டும். நம்பர் தமிழில் சொன்னால்தான் அவருக்குக் காது கேட்குமாம்.

நேற்று, "அப்பப்பா, ஒன்பது" என்றாள்.

"இன்னும் இல்லை. நாளைக்குப் பார்."