ஃபியூஸ் போன மனுநீதிச் சோழன்!

கல்ச்சுரல்ஸ் சீஸன் வந்தாச்சு. நோட்டீஸ் போர்டு முன்னாடி ஒரே தள்ளுமுள்ளு. டான்ஸுக்கு ஒரு கும்பல், நாடகத்துக்கு ஒரு கும்பல். 'ஹீரோ ரோல் எனக்குத்தான்'னு ரெண்டு டிபார்ட்மென்ட்டுக்கு நடுவுல பஞ்சாயத்தே நடக்குது. நல்லது பாஸ், நடிங்க! ஆனா, அதே நோட்டீஸ்ல கடைசியா பொடி எழுத்துல ஒரு வரி இருக்குமே... 'ஸ்டேஜ் வேலைக்கு ஆட்கள் தேவை'னு. அதைப் படிச்சீங்களா? இந்த வாரம் அந்த ஒரு வரியைப் பத்திதான் பேசப்போறோம்.

நான் ஸ்ரீரங்கத்துப் பையன். ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும், ஸ்கூல் ஆண்டு விழா நாடகம் ஒண்ணுலகூட என் முகம் தெரிஞ்சதில்லை. ஆனா, எல்லா நாடகத்துலயும் நான் இருந்தேன்! ஆறாவதுல வசனம் பேசிக் காட்டச் சொன்னாங்க. வாயைத் திறந்தேன், காத்துதான் வந்தது. 'நீ பின்னாடி போய் ஸ்க்ரீன் இழுடா'னு தமிழய்யா அனுப்பிவெச்சார். அங்கேயே செட்டில் ஆயிட்டேன்.

பின்னாடி அப்படி என்ன பெரிய வேலைங்கிறீங்களா? தகர ஷீட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு உதறினா, இடி. முறத்துல பயறைப் போட்டு மெள்ள உருட்டினா, மழை. ரெண்டு கொட்டாங்குச்சியைத் தட்டினா, குதிரை. இன்னிக்கு எல்லாமே லேப்டாப்ல கிடைக்குது. ஆனா, நடுவுல ஹேங் ஆகாத இடி எங்களோடதுதான்! இது போக, ராஜாவுக்கு வசனம் மறந்துபோனா சைடு விங்ல நின்னு முதல் வார்த்தையை எடுத்துக் கொடுக்கணும். இருட்டுல சிம்மாசனம் எங்கே இருக்கணும்னு தரையில சாக்பீஸால குறி போட்டு வைக்கணும்.

இதெல்லாம் நம்ம திருச்சிக்குப் புதுசில்லை. சங்கிலியாண்டபுரத்துல வளர்ந்த கணேசன், சின்ன வயசுலயே பாய்ஸ் கம்பெனியில சேர்ந்தவர். பின்னாடி சிவாஜி கணேசன் ஆனார். 'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர்.ராதாவுக்கு எலெக்ட்ரிக் வேலை, மெக்கானிக் வேலை எல்லாமே அத்துப்படி. மேடையிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டினவர் அவர். ஸ்ரீரங்கத்துல வளர்ந்த சுஜாதா, பெங்களூரு பெல் நிறுவனத்துல இன்ஜினீயரா இருந்துக்கிட்டே பூர்ணம் விஸ்வநாதன் குழுவுக்கு நாடகங்கள் எழுதினார். ஸோ, ஸ்பேனர் பிடிக்கிற கைக்கும் நாடகத்துக்கும் ரொம்ப நாளாவே சொந்தம் உண்டு.

எனக்கு 'பி ஈக்வல் டு வி ஐ' ஃபார்முலாவைப் புரிய வெச்சது ஃபிஸிக்ஸ் சார் இல்லை, மைக் செட் அண்ணன். வருஷா வருஷம் எங்க ஆண்டு விழாவுக்கு லைட்டும் மைக்கும் அவர்தான். ஸ்க்ரீன் இழுத்துக்கிட்டு இருந்த என்னை லைட்டுக்கு இழுத்ததும் அவர்தான். 'தம்பி, இந்த பார் லைட்டு ஒண்ணு ஆயிரம் வாட்ஸ். 230 வோல்ட்டால வகுத்துப் பாரு. எவ்வளவு வருது?' - நாலு ஆம்பியர் சொச்சம் வந்தது. 'இந்த லைன்ல இருக்கிறது பத்து ஆம்பியர் ஃபியூஸ். அப்ப எத்தனை லைட்டு போடலாம்?' - 'ரெண்டுண்ணே.' - 'அவ்வளவுதான் படிப்பு!'

ப்ளஸ் ஒன் படிக்கும்போது 'மனுநீதிச் சோழன்' நாடகம். கன்றுக்குட்டியை இழந்த பசு மணியை அடிக்கிற சீனுக்கு ப்யூன் அண்ணனோட பித்தளை மணியைக் கடன் வாங்கியிருந்தோம். அதை அடிக்கிற பொறுப்பும் எனக்குத்தான். ரிகர்சல்ல அதே மணிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அடிச்சா, யாரா இருந்தாலும் அப்படியே நின்னுடணும்.

கடைசி சீன். இளவரசன் தரையில படுத்திருக்கான். சைக்கிள் சக்கரம் மாட்டின ப்ளைவுட் தேரை நாலு பேர் தள்ளிட்டு வரணும். மேடை முழுக்க சிவப்பு வெளிச்சம் வந்தா செமையா இருக்குமேனு எனக்கு ஒரு ஆசை. அண்ணன் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஓரமா சும்மா கிடந்த ரெண்டு லைட்டுக்கு சிவப்பு ஜெலட்டின் பேப்பரை ஒட்டி, அதே லைன்ல சொருகிட்டேன். ரெண்டு இருக்கவேண்டிய இடத்துல நாலு!

கொஞ்ச நேரம் சும்மா தகதகனு எரிஞ்சது. தேர் கிளம்பியது. அப்புறம் 'டப்'!

லைட் போச்சு. மைக் போச்சு. ஹால் முழுக்க விசில். கும்மிருட்டுல தேர் உருள்ற சத்தம் மட்டும் நிக்கலை. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. கையில கிடைச்ச மணியை எடுத்து வெறி பிடிச்ச மாதிரி அடிச்சேன். சத்தம் நின்னுச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா, இளவரசன் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருந்தது.

ஜனங்க அதை நாடகத்துலயே ஒரு சீன்னு நினைச்சு கைதட்டினாங்க! விழா முடிஞ்சதும் மேடைக்குக் கூப்பிட்டு, 'சமயோசித புத்தி'னு எனக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தாங்க. அதே நேரம் மேடைக்குப் பின்னாடி, 'என்னய்யா வயரிங் பண்ற?'னு மைக் செட் அண்ணனுக்குத் திட்டு. வாடகையில ஆயிரம் ரூபாயும் பிடிச்சுட்டாங்க. நான் பேனாவைப் பாக்கெட்டுல குத்திக்கிட்டு பேசாம நின்னேன்.

அடுத்த வருஷம் வேற மைக் செட் வந்தது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மறுநாள் சாயங்காலம் திருவானைக்காவல்ல இருந்த அண்ணன் கடைக்கு சைக்கிளை மிதிச்சேன். அவர் வயர் சுத்திக்கிட்டு இருந்தார்.

'அண்ணே, போன வருஷம் ஃபியூஸ் போனது...'

'தெரியும் தம்பி. கழட்டும்போதே பார்த்தேன். நாலு பிளக் இருந்தது. நான் சொருகினது ரெண்டு.'

'அப்புறம் ஏண்ணே அன்னிக்கே சொல்லலை?'

'நீயே வந்து சொல்லுவேனு பார்த்தேன். ஒரு வருஷம் ஆக்கிட்ட.'

அதுக்கு மேல அவர் திட்டலை. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொன்னார். 'ஃபியூஸ் போச்சேனு வருத்தப்படாத. அது போனதாலதான் வயர் தப்பிச்சது. சில பேர் அடிக்கடி போகுதேனு தடிமனா கம்பியைச் சுத்தி வெச்சுடுவான். அப்ப ஃபியூஸ் போகாது, பந்தலே போயிடும். 2004 உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.'

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல, மின்சாரத்தால் கீற்றுக் கொட்டகையில பத்தின தீ, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு போனது. எங்க ஊர்ல பெரியவங்க இன்னிக்கும் அதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்குவாங்க. அந்த ஊர்ல பிறந்துட்டு, சிவப்பு கலருக்கு ஆசைப்பட்டு ரெண்டு பிளக்கை சொருகினவன் நான்.

மறுநாளே சார்கிட்ட உண்மையைச் சொன்னேன். சரியான டோஸ் விழுந்தது. புது மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சுனு அண்ணனை மறுபடி கூப்பிடலை. அந்த ஆயிரம் ரூபாயும் அவருக்குத் திரும்பி வரலை. பேனாவை மட்டும் சார் மேஜையிலேயே வெச்சுட்டு வந்தேன்.

இப்ப நான் இன்ஜினீயரிங் படிக்கிறேன். லோடு கணக்கு, சர்க்யூட் பிரேக்கர்னு செமஸ்டர் செமஸ்டரா வருது. எதைப் படிச்சாலும் அந்தக் கடைதான் ஞாபகம் வருது.

அதனால, உங்க காலேஜ்ல ஸ்டேஜ் வேலைக்குப் பேர் கொடுக்கப்போறவங்களுக்கு மூணே மூணு வேண்டுகோள். ஒண்ணு, பிளக் சொருகுறதுக்கு முன்னாடி வாட்ஸைக் கூட்டி வோல்ட்டால வகுத்துப் பாருங்க. அரை நிமிஷம்கூட ஆகாது. ரெண்டு, 'நில்லு'னு சொல்ல எல்லோருக்கும் தெரிஞ்ச மாதிரி ஒரு சத்தத்தை முதல் ரிகர்சல்லயே முடிவு பண்ணுங்க. மூணு, தப்பு உங்களோடதுன்னா, லைட் திரும்ப வர்றதுக்குள்ள சொல்லிடுங்க. பின்னாடி நிக்கிறவனை யாருக்கும் தெரியாது. அதனாலதான் அவனா முன்னாடி வந்து சொல்லணும்.

நடிக்கப் போறவங்களுக்கும் ஒண்ணு இருக்கு. கைதட்டல் வாங்கிட்டு இறங்கும்போது, சைடு விங்ல டார்ச்சோட ஒருத்தன் நிப்பான். பேரைக் கேட்டு வெச்சுக்குங்க. இருட்டுல உங்க காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிறது அவன்தான், பாஸ்!