டாலருக்கு ஒரு கடை, உழைப்பவனுக்கு ஒரு கடையா?

ஆட்டையாம்பட்டி டீக்கடை பெஞ்சிலே நம்மை மடக்கிக் கேட்கிறார்கள்: "ஏன் தோழர், உங்கள் பொதுவுடைமை நாட்டிலே டாலர் வைத்திருப்பவனுக்குத் தனிக் கடையாமே, மெய்தானா?"

மெய்தான். மறைக்க மாட்டோம்.

சோவியத்தில் 1931 முதல் 1936 வரை டோர்க்ஸின் கடைகள் இருந்தன. 1932-33 பஞ்சத்தில் குடியானவர்கள் கல்யாண மோதிரத்தையும் வெள்ளிச் சிலுவையையும் அங்கே எடை போட்டுக் கொடுத்துவிட்டு மாவு வாங்கிப் போனார்கள். அந்தப் பொன் மிஷின் வாங்கப் போயிற்று. பின்னாளில் அங்கே பெரியோஸ்கா. கிழக்கு ஜெர்மனியில் இன்டர்ஷாப். கியூபாவில் 1993-ல் டாலரைச் செல்லுபடியாக்கினார்கள். 2019-ல் அன்னியப் பணத்துக்கு மட்டும் கடை திறந்தார்கள். 2020-ல் உணவுப் பண்டமும் சோப்பும்கூட அந்தக் கடைகளுக்குப் போயின. அங்கே அந்த நாட்டுப் பெசோ செல்லாது!

முதலாளிப் பத்திரிகைகள் கைகொட்டிச் சிரிக்கின்றன. 1962 முதல் அமெரிக்கா அந்தத் தீவின் வியாபாரத்தை நெரிப்பதைப் பற்றி அவை ஒரு வரி எழுதுமா? எழுதாது. ஆனால் நம் சகாக்கள் சிலரும் "முற்றுகை, முற்றுகை" என்றே பேச்சை முடித்துவிடுகிறார்களே, அதுவும் சரியல்ல. டாலர் யாரிடம் இருக்கிறது? மியாமியில் சொந்தக்காரன் உள்ளவனிடம். டூரிஸ்டிடம் இனாம் வாங்குகிறவனிடம். கரும்பு வெட்டுகிறவனுக்குக் கூலி பெசோ. நம்மூர் நெசவாளி தறிக்கூலியோடு ரேஷன் கடைக்குப் போக, "உன் மகன் வெளிநாட்டில் இருந்தால் உள்ளே வா" என்று வாசலில் நிறுத்தினால் எப்படி இருக்கும்?

இங்கேயும் செய்து பார்த்தார்கள். வருமானத்தைப் பார்த்துக் கார்டில் 'எச்' முத்திரை குத்தி, ரேஷன் அரிசி கிடையாது என்றது சர்க்கார். 2004 தேர்தலில் அடி வாங்கிய பிறகே வாபஸ் ஆயிற்று. ஒரே க்யூதான் வேண்டும் என்று அன்று கேட்ட நாம், ஹவானாவின் இரண்டு க்யூவுக்கு வக்காலத்து வாங்குவதா?

டீக்கடைக்காரர் விடவில்லை. "டாலர் இல்லாமல் மிஷின் எப்படி வரும்?" நல்ல கேள்வி. 1953 ஒப்பந்தத்துக்குப் பின் பல்லாண்டுகள் நமக்கும் சோவியத்துக்கும் ரூபாய்க் கணக்கிலேயே வியாபாரம் நடந்தது. இங்கிருந்து தேயிலையும் தோலும் போயின, அங்கிருந்து மிஷின் வந்தது. கியூபாவோடு இன்று அப்படி ரூபாய்க்குச் சரக்கு மாற்றிக்கொள்ள டில்லி சர்க்கார் முன்வருமா என்று அவரிடம் திருப்பிக் கேட்டோம். "அதை டில்லியிலே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.