எர்த் பிடிக்கேல்லை

மார்கழி மாதம் நாலு மணிக்கே லண்டன் இருண்டுவிடும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பா, எங்கள் தெரு முனையில் திரும்பும்போது காரின் இடப்பக்கச் சில்லை நடைபாதையில் ஏற்றிவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மகளுக்கு அது விளையாட்டு. "அப்பப்பா காரை ஜம்ப் பண்ண வைச்சவர்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள். எனக்குத்தான் வயிறு கலங்கிப் போனது.

"இடப்பக்க லைற் காணாது தம்பி" என்றார் அப்பா.

அப்பாவுக்கு 71 வயது. இந்த நாட்டில் 70 ஆனதும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கண் பார்வை சரி என்று நாமே எழுதிக் கொடுப்பதுதான். போன வருடம் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவனே நான். அதனால் அவர் லைற் என்று சொன்னது எனக்குக் கண் என்றுதான் கேட்டது. "இனிமேல் இருட்டினதுக்குப் பிறகு பிள்ளையை ஏத்த வேண்டாம் அப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கும் வரவில்லை.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1967ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இந்த மைனர்தான், அது 1960இல். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் பெற்றோருக்கு இது தெரிந்த முகம். அப்பா ஊரில் ஒரு கராஜில் வேலை பழகியவர். 90களில் பெற்றோல் தடை இருந்தபோது பெரியப்பா இப்படி ஒரு காரைத்தான் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஓய்வுக் காசில் அப்பா இதை வாங்கினபோது நான் சிரித்தேன். (பின் சீற்றுக்கு பெல்ற் பூட்டி, பூஸ்டர் சீற்றும் வைத்திருக்கிறோம். கடிதம் எழுத வேண்டாம்.)

40 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2018இல் இருந்து எம்.ஓ.ரி. பரிசோதனை கட்டாயம் இல்லை. அதாவது, லைற் சரியாக எரிகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேறு ஆள் இல்லை. நாம்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, மனசு கேளாமல், இருட்டில் அவர் வீட்டுக் கராஜ் கதவுக்கு முன்னால் காரை நிறுத்தி லைற்றைப் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் வெள்ளை. இடப்பக்கம் பழைய நெய் விளக்கு மாதிரி மஞ்சள். அப்பா சொன்னது சரி.

உடனே நான் செய்தது என்ன? பாட்ஸ் ஓடர் பண்ணினேன். மென்பொருள்காரன் புத்தி, பழசைத் தூக்கிப் புதுசைப் போடு. இரண்டு எல்.ஈ.டி. பல்ப் வந்தது. இரண்டும் எரியவே இல்லை. திரும்பப் பழைய பல்பைப் போட்டேன். இடம், வலம் மாற்றியும் போட்டேன். மஞ்சள் இடப்பக்கத்திலேயே நின்றது. அப்போ பல்பில் பிழை இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். டிம் லைற் போட்டிருக்கும்போது, ஸ்பீடோமீற்றருக்குள் இருக்கும் பிறைட் லைற்றுக்கான சின்ன விளக்கு மெல்லிசாக எரிந்தது. டிம்மில் அது எரியவே கூடாது. எங்கள் வேலையில் இப்படி ஒரு விசயம் கண்டால் விடமாட்டோம். தொடர்பில்லாத இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் பிழை வந்தால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் உடைந்திருக்கும்.

மீற்றரை எடுத்தேன். கறுப்புக் கம்பியைக் காரின் பொடியில் வைத்தேன். சிவப்புக் கம்பியை இடப்பக்க லைற்றின் கறுப்பு வயர் முனையில் வைத்தேன். இரண்டும் எர்த், அதனால் கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். காட்டியது மைனஸ் 5.2 வோல்ற். ஏன் மைனஸ்? கம்பியை மாத்திச் செருகிவிட்டேனா என்று பார்த்தேன். இல்லை. அரை மணித்தியாலம் குளிரில் நின்று யோசித்தேன். உள்ளே போய் அப்பப்பாவைக் கூட்டி வந்தது மகள்தான்.

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து மீற்றரைப் பார்த்தார். ஒரு சிரிப்பு. "இந்தக் காருக்கு பிளஸ் தான் பொடி, தம்பி. உனக்குத் தெரியாதே?"

தெரியாது. இன்றைய கார்களில் பற்றறியின் மைனஸ்தான் பொடியோடு சேரும். மைனரில் அது தலைகீழ். எல்.ஈ.டி. எரியாததற்கும் அதுதான் காரணம். சாதாரண பல்புக்குக் கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். எல்.ஈ.டி. ஒரு பக்கம்தான் விடும்.

"மைனஸை விடு. அஞ்சு வோல்ற் அதில நிக்குதெல்லே? எர்த் பிடிக்கேல்லை."

ஒரு துண்டு வயரை எடுத்து, லைற்றின் கறுப்பு முனையில் இருந்து நேரே பற்றறியின் பிளஸ்ஸுக்குப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். இடப்பக்க லைற் பளிச்சென்று எரிந்தது. உள்ளே இருந்த மகள், "நீல லைற் நூந்து போச்சு" என்று கத்தினாள்.

நடந்தது இதுதான். இந்த வயர்களில் நீலம்-சிவப்பு டிம், நீலம்-வெள்ளை பிறைட், கறுப்பு எர்த். பல்புக்குள் டிம், பிறைட் இரண்டு இழைக்கும் எர்த் ஒன்றுதான். அந்த வழி அடைபட்டால், டிம் இழையால் வந்த கரண்டில் ஒரு பகுதி பிறைட் இழைக்குள் பின்வழியாகப் புகுந்து, நீலம்-வெள்ளை வயரில் ஓடி, மறுபக்க லைற்றின் எர்த்தைத் தேடிப் போகும். போகிற வழியில் அந்தச் சின்ன விளக்கையும் கொஞ்சம் எரித்துவிட்டுப் போகும்.

ஏன் அடைபட்டது? கோடையில் இடப்பக்க மட்காட்டுக்குப் புது பெயின்ற் அடிக்கக் கொடுத்திருந்தோம். வேலை நல்ல வடிவாக இருந்தது. எர்த் வயர் பூட்டும் திருகுக்கு அடியிலும் அதே வடிவான பெயின்ற். அப்பா விரல் வைத்துக் காட்டினார், நான் சாண்ட் பேப்பரால் தகரம் மினுங்கும் வரை தேய்த்தேன். பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ். மீற்றர் 0.1 காட்டியது. செலவு ஒன்றுமில்லை. எல்.ஈ.டி.க்குக் கொடுத்த 38 பவுண் மட்டும்.

அதோடு விடவில்லை. டிம் பல்ப் ஒன்று 55 வாற், இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர். அவ்வளவும் 50 வருசப் பழைய லைற் சுவிச்சாலும், காலால் அமத்துகிற டிம் சுவிச்சாலும் போய் வருகிறது. அந்த வழியில் பியூஸும் கிடையாது. அதனால் இரண்டு றிலேயும் பியூஸும் வைப்போம் என்றேன். பழைய வயரை வெட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு அப்பா சம்மதித்தார். உள்ளே டையோட் இல்லாத றிலேயாகப் பார்த்து வாங்கினோம், பிளஸ் எர்த்துக்கு அதுதான் தொந்தரவில்லை. இப்போதும் சிக்னலில் நிற்கும்போது வெளிச்சம் கொஞ்சம் இறங்கும். அது பிழை இல்லை. டைனமோ மெதுவாகச் சுத்தும்போது சார்ஜ் பண்ணாது, லைற் பற்றறியைத்தான் தின்னும். கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுத்தால் ஏறிவிடும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கிற பழக்கம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. அவர், "கண்ணையும் ஒருக்கா பாப்பம்" என்றார். நான் கேட்காமலே.

வலக்கண்ணில் காற்றராக்ற் தொடங்கியிருக்கிறதாம். இப்போதைக்கு ஒப்பரேசன் தேவையில்லை, கார் ஓட்டலாம், ஆனால் இரவில் எதிரே வரும் வெளிச்சம் கூசும் என்று கண் பார்த்தவர் சொன்னார். ஆக நான் சொன்னதும் முழுப் பிழை இல்லை. அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. அப்பாவே, "மார்ச் கடைசியில மணிக்கூட்டை மாத்துமட்டும் நீ ஓட்டு" என்று திறப்பை நீட்டினார்.

இப்போது சனிக்கிழமைகளில் மைனரை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவது நான். அப்பா பக்கத்தில் இருந்து, எதிரே கார் வந்தும் நான் டிம் அடிக்கவில்லை என்று ஏசிக்கொண்டு வருகிறார். போன கிழமை பின் சீற்றில் இருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது: "அப்பா, டிம் அடியுங்கோ!"