மணி மூன்று ஆகவில்லையாம்

நாங்கள் துரோகிகளாம். செக்காரன் ஓடிவிட்டான், ருத்தேனியன் ரஷ்யனிடம் விலைபோய்விட்டான், அதனால்தான் ஹாப்ஸ்பர்க் சாம்ராஜ்யம் சரிந்தது என்று வியன்னாவில் பேசிக்கொள்கிறார்களாம். இத்தாலிக்காரனின் கைதி முகாமில், முள்கம்பிக்கு உள்ளே குந்திக்கொண்டு இதைக் கேட்கிறேன். வயிறு பற்றி எரிகிறது.

நான் சாம்ராஜ்யத்தின் கிழக்கு ஓரத்துக் கலீசியாவைச் சேர்ந்த ருத்தேனியன், உக்ரேனியன் என்றும் சொல்வார்கள். 1914 ஆகஸ்டில் உங்கள் சாம்ராஜ்யம் கூப்பிட்டது, கார்ல் சக்கரவர்த்தி, அறுப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த மாதமே எங்கள் லெம்பர்க் நகரம் ரஷ்யர் கைக்குப் போனது. தோற்று ஓடிய பட்டாளத்துக்குப் பழிபோட ஆள் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஜெபப் புத்தகம் உண்டு. தாத்தா காலத்திலிருந்து கோயிலுக்கு எடுத்துப் போவது, ஓரமெல்லாம் மெழுகுக் கறை. எழுத்து சிரிலிக். வீடு புகுந்த நம் அதிகாரிக்கு அது ரஷ்ய எழுத்தாகப் பட்டது. ரஷ்ய எழுத்து என்றால் உளவாளி. படைக் கட்டளைக்கென்று எனக்கு 80 ஜெர்மன் சொல்லாவது சொல்லிக்கொடுத்தார்கள்; அப்பாவுக்கு அதுவும் தெரியாது. என்ன கேட்கிறார்கள் என்று புரிவதற்குள் கயிறு விழுந்துவிட்டது.

தணிக்கைக்குப் பயந்து அம்மா ஒரே வரி எழுதியிருந்தாள்: "அப்பா பேரி மரத்தடியில் தூங்குகிறார்." அந்த மரத்தடியில் யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்தாரை ரயிலேற்றி, கிராட்ஸ் பக்கம் தாலெர்ஹோஃப் முகாமில் அடைத்தார்கள். டைபஸ் காய்ச்சல் அங்கே அள்ளிக்கொண்டு போனது.

இதற்குப் பிறகும் நான் ஓடவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

1918 ஜூனில், இத்தாலிப் போர்முனையில், பியாவே ஆற்றைத் தாண்டச் சொன்னீர்கள். அக்கரையில் இத்தாலியரின் உணவுக் கிடங்கு இருக்கிறது என்ற ஆசையில்தான் பாதிப் பேர் தாண்டினோம். எங்களுக்குக் கிடைத்த ரொட்டி கையில் எடுத்தால் மண்ணாய் உதிரும். ஆறு பெருக்கெடுத்துப் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. அக்கரையில் மாட்டியவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு வாரத்தில், மிஞ்சியவர்கள் இக்கரைக்கு வந்தோம், அதே பசியோடு.

அக்டோபரில் செக்காரர்கள் தனி நாடு அறிவித்தார்கள், ஹங்கேரி கழன்றுகொண்டது. நாங்கள் மட்டும் யாருக்காக அங்கே நின்றோம்?

நவம்பர் 3 விடியுமுன் கட்டளை வந்தது: போர் முடிந்தது, சுடாதீர்கள். துப்பாக்கியைச் சாத்திவைத்தோம். பக்கத்தில் இருந்தவன் பூட்ஸைக் கழற்றி, பிய்ந்த அடிப்பாகத்தில் காகிதம் திணித்தான், ஊருக்கு நடக்க வேண்டுமே என்று. இத்தாலிக்காரன் வந்தான். கையசைத்தோம். அவன் எங்களைச் சுற்றி வளைத்தான். அவன் கணக்கில் போர்நிறுத்தம் நவம்பர் 4 பிற்பகல் 3 மணிக்குத்தானாம். பதுவா பக்கத்து மாளிகையில் உங்கள் ஜெனரல் வெபர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது அப்படித்தானாம். முந்தின நாளே எங்களை ஆயுதம் வைக்கச் சொன்னவர் யார்? கடைசி நாட்களில் 3 லட்சம் பேருக்கு மேல் பிடிபட்டோம். எங்களில் எத்தனையோ பேர் போர் முடிந்தது என்று நம்பிச் சும்மா நின்றவர்கள்.

தலைமைத் தளபதி நானே என்று 1916இல் பதவி ஏற்றவர் நீங்கள், கார்ல் சக்கரவர்த்தி. கையெழுத்து நாள் வந்ததும் அந்தப் பதவியைக் கழற்றி, பால்கனில் இருந்த தளபதி கோவெஸ் தலையில் கட்டினீர்கள். தோல்விப் பத்திரத்தில் உங்கள் பெயர் வரக்கூடாது, அவ்வளவுதானே?

இனி உனக்கு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது? எக்கார்ட்சவ் வேட்டை மாளிகையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறாயாம். இரு. எங்கள் ஊரில் போலந்துக்காரனும் எங்கள் ஆட்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். அம்மா இருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. உன்னிடம் சம்பளம் கேட்கவில்லை, பதக்கம் கேட்கவில்லை. ஏதோ ஒரு பட்டாளப் பேரேட்டில் என் அப்பன் பெயருக்கு நேரே துரோகி என்று எழுதியிருப்பார்கள். அதை அடித்துவிடு.