கட்டி அனுப்பினால்தான் கரை சேரும்

நெடுந்தீவில் வீடு கட்டுகிறவர், சீமெந்தை மட்டும் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏற்றிவிட்டு, "ஆணியும் கம்பியும் அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று வெளிக்கிடமாட்டார். நடுவில் கிடப்பது ஒரு மணித்தியாலக் கடல். ஆனால் மென்பொருள் எழுதுகிற எங்கள் பெடியள் பலர் இதைத்தான் செய்கிறார்கள்.

அண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒரு தம்பி, தீவுப் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவருக்காகப் புள்ளிப் பட்டியல் போடும் சின்ன நிரல் ஒன்றைப் பைதன் என்ற நிரல்மொழியில் எழுதி, பென் டிரைவில் கொடுத்துவிட்டார். நல்ல நிரல். கூடவே ஒரு துண்டுக் கடதாசி: முதலில் பைதனை நிறுவவும், பிறகு பிப் என்ற பைதன் கருவி மூலம் மூன்று துணைப் பொதிகளை இணையத்தில் இருந்து இறக்கவும். அங்கே இருந்ததோ விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி, இணைய இணைப்பும் இல்லை. ரீச்சர் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, உந்தப் பைதன் இல்லாமல் இது திறக்காதோ?"

திறக்காது. பைதன் நிரல் என்பது வெறும் எழுத்து; அதை வாசித்து நடத்த ஒரு மொழிபெயர்ப்பி வேண்டும். லினக்ஸில் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், விண்டோஸில் இராது. பொதிகளும் தனியே வருவதில்லை. எக்ஸல் கோப்பு எழுத ஓப்பன்பைஎக்ஸ்எல் என்ற பொதியைக் கேட்டால், அது இன்னொரு பொதியையும் கூட்டிக்கொண்டு வரும்.

மொழிபெயர்ப்பி, பொதிகள், நிரல் மூன்றையும் ஒன்றாகக் கட்டித் தர பைஇன்ஸ்டோலர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பாவிக்கிறவர் இரண்டு முறை சொடுக்கினால் போதும். ஆனால் கட்டுகிறவர் சில விஷயங்களில் கவனமாக இருக்கவேண்டும். விண்டோஸில் ஓடவேண்டியதை விண்டோஸிலேதான் கட்டலாம். லினக்ஸில் இருந்துகொண்டு ஏலாது. 2020இல் வந்த பைதன் 3.9 விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது, ஆகவே பழைய கணினிக்கு 3.8 வேண்டும். 64 பிட்டில் கட்டியது 32 பிட் விண்டோஸில் ஓடாது.

இன்னொரு பொறி பொல்லாதது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டினால், திறக்கும் ஒவ்வொரு முறையும் அது தற்காலிகக் கோப்புறை ஒன்றில் தன்னை விரித்துக்கொள்ளும். மூடியதும் அந்தக் கோப்புறையை அழித்துவிடும். நிரல் தன் பக்கத்திலேயே புள்ளிகளைச் சேமிக்கும்படி எழுதியிருந்தால், ரீச்சர் மத்தியானம் முழுக்க இருந்து அடித்த புள்ளிகளும் அதோடு போய்விடும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் இந்த ஒற்றைக் கோப்பைச் சிலவேளை சந்தேகித்துத் தடுத்துவிடும். என்னைக் கேட்டால், கோப்புறையாகவே கட்டுங்கோ. பார்க்க அவ்வளவு வடிவில்லை, ஆனால் விரைவாகத் திறக்கும். தரவைப் பாவிக்கிறவரின் ஆவணக் கோப்புறையில் எழுதுங்கோ. தமிழ் எழுத்துரு போன்ற துணைக் கோப்புகளைக் கட்டும்போதே பெயர் சொல்லிச் சேர்க்க மறக்காதேயுங்கோ.

இது ஒரு பள்ளிக்கூடத்தோடு முடிகிற கதையில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி, ஓப்பன்-தமிழ் நிரலகம் என்று தமிழுக்கான நல்ல முயற்சிகள் பல பைதனிலேதான் எழுதப்பட்டுள்ளன. நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் இருக்கிற பிள்ளைக்கு அவை எட்டுவது, எழுதின கெட்டித்தனத்தை மட்டும் பொறுத்ததல்ல.

கொடுத்துவிட முன் ஒரு சோதனை போதும். பைதன் வாசமே படாத கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து, இணையத்தைத் துண்டித்து, நிரலைத் திறந்து, ஒரு பட்டியலைச் சேமித்து, மூடித் திரும்பத் திறந்து பாருங்கோ. மிஞ்சினால் அரைநாள் வேலை. அந்த அரைநாளை எழுதினவர் கொடுக்காவிட்டால், பாவிக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியே கொடுக்கவேண்டி வரும்.