வளவுக் குப்பையும் கடல் கடந்த பசளையும்

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதி வழியாக நாவிதன்வெளிக்குச் சென்றவர்களுக்கு அந்தக் காட்சி புதியதல்ல. இருபுறமும் நீர், அப்பால் வயல், வீதியோரத்தில் யாரோ இருளில் எறிந்துவிட்டுப் போன குப்பைப் பைகள். மாரியில் தாம்போதியை மேவி வெள்ளம் பாயும்போது அவை களப்பையும் வயலையும் சென்றடைகின்றன.

மக்களின் ஒழுக்கக்கேடே இதற்குக் காரணம் என்பது அதிகாரத்தில் இருப்போருக்கு வசதியான விளக்கம். நான் அதை ஏற்கவில்லை. குப்பை அகற்றும் கடமையை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபையிடமே ஒப்படைத்திருக்கிறது. சேகரித்த குப்பை சபையின் சொத்து என்றும் அச்சட்டம் கூறுகிறது. சொத்தை எவராவது காட்டோரத்தில் கொட்டுவார்களா?

நமது மாவட்டத்தில் கொட்டினார்கள். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்த செய்தி 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வந்தது. உணவு மிச்சத்தையும் பொலித்தீனையும் ஒரே பையில் கட்டியதன் விளைவு அது. யானை தேடி வந்தது உணவை. விழுங்கியது பையையும் சேர்த்து.

நமது குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றக் கிராமங்களைக் கொண்ட நாவிதன்வெளியில் இலைகுழையைப் புதைக்க வளவு உண்டு. சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் பலருக்கு அதற்கு ஒரு முழ நிலம்கூட இல்லை. கரையில் குப்பை மிகுதி. தாம்போதிக்கு அப்பால் பசளை தேடும் வயல். இரண்டையும் இணைப்பதற்குப் பெரிய ஞானம் தேவையில்லை.

2021இல் இரசாயன உரம் ஒரே நாளில் தடை செய்யப்பட்டபோது விவசாயிகள் சேதனப் பசளைக்கு அலைந்தார்கள். அரசாங்கமோ சீனாவுக்குக் கட்டளை கொடுத்தது. தீங்கான பக்டீரியா இருப்பதாகக் கூறி அந்தக் கப்பலின் பசளையை ஏற்க மறுத்த பின்னரும், ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. அந்நாட்களிலும் நமது சந்தைக் கழிவு பொலித்தீனோடு சேர்ந்து மேட்டுக்குத்தான் போனது.

2008இல் தொடங்கிய 'பிலிசரு' திட்டத்தின் கீழ் பல சபைகளுக்குக் கூட்டெரு நிலையங்கள் அமைத்துக் கொடுக்கப்பட்டன. ஆகவே குறை இயந்திரத்தில் மட்டும் இல்லை. பிரிக்காத குப்பையில் செய்த பசளையில் கண்ணாடித் துண்டும் பற்றரித் தகடும் இருக்கும். வெறுங்காலுடன் சேற்றில் இறங்கும் விவசாயி அதை ஏன் வாங்க வேண்டும்?

எனவே, பிரித்து வைப்பதை வியாபார அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக்குங்கள். மரக்கறிக் கடையும் உணவகமும் உக்கும் கழிவைத் தனியே தரட்டும். பெருந்தொகையாகக் கழிவு தருபவர் நிறைக்கேற்பக் கட்டணம் செலுத்தட்டும், பெட்டிக்கடைக்காரரை விட்டுவிடுங்கள். மட்டையும் போத்தலும் வாங்க வீடு வீடாக வருகிறாரே, எந்த உதவியுமின்றி மீள்சுழற்சி செய்யும் அந்த மனிதருக்குச் சபை ஓர் அடையாள அட்டையாவது கொடுக்கட்டும். வளவுக் குப்பைக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள்; கட்டணம் வேண்டாம். கட்டணம் வைத்தால் இலை எரியும், இல்லையேல் வாய்க்காலில் மிதக்கும்.

செலவாகும் என்பார்கள். ஆகட்டும். ஏற்காத பசளைக்கு டொலரில் பணம் கட்டிய நாடு, இலைகுழை ஏற்ற ஓர் உழவு இயந்திரத்துக்கு டீசல் ஊற்றக் கணக்குப் பார்ப்பது எந்த நியாயம்?