மழையை அளக்கத் தெரிந்தவர்கள்

கொங்குப் பக்கம் தோட்டங்காட்டில் இருப்பவர்களிடம் ராத்திரி எவ்வளவு மழை என்று கேட்டால் மில்லிமீட்டரில் பதில் வராது. "ஒரு உழவு மழைங்க" என்பார்கள். மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற கணக்கு அது. ஏர் பிடிக்கும் ஆணுக்கு மட்டுமல்ல, களைக்கொத்து பிடிக்கும் பெண்ணுக்கும் அந்தக் கணக்கு அத்துப்படி. விதைப்புக்குப் பயன்படுகிற இந்த அறிவு உயிர் காக்கவும் பயன்படும் என்பது மட்டும் ஏனோ பேரிடர் மேலாண்மைக் கூட்டங்களில் யாருக்கும் தோன்றுவதில்லை.

2024 ஜூலை 30 அதிகாலை. வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு வாரிக்கொண்டு போனது. அதே நாளில் கோவை மாவட்டத்து வால்பாறையில், சோலையாறு அணைப் பகுதியில் மண் சரிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். வயநாட்டின் பேரிழப்புச் செய்திகளுக்கு நடுவே இந்த இரண்டு சாவுகளும் நமக்கு ஒரு பெட்டிச் செய்தியாகக் கடந்துபோயின.

வயநாட்டில் நடந்த இன்னொன்று அதைவிடக் குறைவாகவே பேசப்பட்டது. கல்பற்றாவில் உள்ள ஹியூம் மையம் மாவட்டம் முழுக்கச் சுமார் 200 மழைமானிகளை உள்ளூர்க்காரர்களிடம் கொடுத்து வைத்திருக்கிறது. அவர்கள் அளந்து சொல்லும் கணக்கை வைத்து, சரிவுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் முன்பே மையம் நிர்வாகத்தை எச்சரித்தது. ஆனால் உரிய வேகத்தில் ஊர் காலியாகவில்லை. அளந்தவர்களிடம் எண் இருந்தது. "எல்லோரும் இறங்குங்கள்" என்று சொல்லும் அதிகாரம் இல்லை.

மலையில் ஒரு மேட்டில் கொட்டுகிற மழை, பக்கத்து மேட்டில் தூறலாக நின்றுவிடும். தாலுகா தலைநகரில் இருக்கும் கருவிக்கு அது தெரியாது. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டு வாசலில் நிற்பவருக்குத் தெரியும். ஓடை கலங்கி வருவதையும், குடிதண்ணீர் ஊற்று திடீரென்று சேறாவதையும், பின்சுவரில் புதிதாக விரிசல் ஓடுவதையும் முதலில் பார்ப்பது தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவும் போகிற பெண்கள்தான்.

உள்ளூர்க்காரர்களால் எச்சரிக்கைப் பொறுப்பை ஏற்று நடத்த முடியுமா என்று கேட்பவர்கள் தொலைவில் எங்கும் தேட வேண்டாம், அதே வால்பாறைக்குப் போனால் போதும். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் தேயிலைத் தோட்டங்களும் யானைகளும் ஒன்றாக இருக்கின்றன. யானை தாக்கி இறந்தவர்கள் பெரும்பாலும் அது இருப்பது தெரியாமல் அந்தி நேரத்தில் நடந்து வந்தவர்களே. 2011இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமார் குழு, வனத்துறையோடு சேர்ந்து எளிய ஏற்பாடு ஒன்றைச் செய்தது. யானை பக்கத்தில் இருந்தால் செல்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி, உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, முக்கியமான திருப்பங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு. விளக்கை எரியவிடுவது அதிகாரி அல்ல. குறிப்பிட்ட எண்ணுக்கு ஒரு அழைப்பு விட்டால் எரியும், அந்த எண் உள்ளூர்க்காரர்கள் கையில் இருக்கிறது. கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பும் பெண் தூரத்திலேயே சிவப்பைப் பார்த்து நின்றுவிடலாம். ஆண்டுக்குச் சராசரியாக மூன்றாக இருந்த சாவு, ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. யானைக்கு எரிகிற விளக்கு மண்சரிவுக்கும் எரிந்தால் என்ன?

சமவெளியிலும் கதை வேறல்ல. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் சரிந்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்ததில் 17 பேர் இறந்தார்கள். சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டதாக அந்தத் தலித் குடியிருப்பு மக்கள் பிறகு சொன்னார்கள். அவர்களுக்கு அபாயம் தெரியாமல் இல்லை. அவர்கள் சொல்லைக் கேட்டு மறுநாளே நடவடிக்கை எடுக்கிற ஏற்பாடுதான் இல்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 40,000க்கும் மேற்பட்ட முதல்நிலை மீட்பாளர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். மத்திய அரசின் 'யுவா ஆப்தா மித்ரா' திட்டம் தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்ட இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிறது. நல்லதுதான். ஆனால் ஒத்திகைகளில் காண்பதெல்லாம் விபத்துக்குப் பிந்திய காட்சி: ஒருவர் படுத்துக்கொள்வார், நால்வர் தூக்குவார்கள், புகைப்படம், டீ. முந்திய நாள் மழையை யார் அளந்தார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016இல் சட்டம் செய்தோம். கோவை, திருப்பூர், ஈரோடு ஊராட்சிகளில் 2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஆபத்து என்றால் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்ட ஊருக்குள் இருக்கும் தலைவியைத்தான் தேடுவார்கள். தனி அலுவலர் வீடு எங்கே இருக்கிறது?

கேட்பது பெரிய தொகை அல்ல. ஒவ்வொரு எஸ்டேட் லயனுக்கும், ஆற்றோர ஊருக்கும் ஒரு மழைமானி. நூறு நாள் வேலையில் டேப் பிடித்து மண் அளந்து நோட்டில் எழுதிய பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் இருவரும், மேல்நிலைப் பள்ளி மாணவர் இருவரும் தினமும் காலை எட்டரைக்கு அளந்து வாட்ஸ்அப்பில் போடட்டும். பொறுப்பேற்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் வேண்டும், சேவை என்று பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடக் கூடாது. எந்த அளவைத் தாண்டினால் எந்த வரிசை வீடுகள் பள்ளிக்கூடத்துக்கு மாற வேண்டும் என்பதை மழைக்கு முன்பே எழுதி ஒட்ட வேண்டும். அந்த எண் வந்துவிட்டால் தாசில்தாரின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் மக்களை நகர்த்தும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவமும் பள்ளியும் தொடங்குவது ஒரே ஜூன் மாதத்தில்தான். வால்பாறையிலிருந்தே ஆரம்பிக்கலாம், சிவப்பு விளக்குக் கம்பங்கள் ஏற்கெனவே அங்கே நிற்கின்றன.